மருத்துவ நூலகர்களும் ஆரம்பகால இணையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூகுள் வருவதற்கு முன்பே இணையத்தில் வேலை செய்து பழகியவர்கள் என்றால் நமக்குக் கணினிப் பொறியாளர்களும் இயற்பியல் ஆராய்ச்சியாளர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். மருத்துவமனை நூலகத்தில் உட்கார்ந்திருந்தவர்களை யாரும் நினைப்பதில்லை. இந்தப் பக்கம் அவர்களைப் பற்றியது. கதை பெரும்பாலும் அமெரிக்காவில்தான் நடக்கிறது. உலகின் மிகப் பெரிய மருத்துவ நூலகம், மேரிலாந்து மாநிலம் பெத்தெஸ்டாவில் உள்ள தேசிய மருத்துவ நூலகம், அங்கே இருப்பதுதான் காரணம்.

மருத்துவ நூலகர் அப்படி என்ன வேலை செய்கிறார்?

புத்தகம் அடுக்குவதும் இரவல் கொடுப்பதும் அதில் சின்னப் பங்கு. தேடித் தருவதுதான் பெரிய வேலை. "இந்த மருந்தைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா? யாராவது கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்களா?" என்று ஒரு மருத்துவர் வந்து கேட்பார். உலகம் முழுவதும் வெளியாகும் ஆயிரக்கணக்கான மருத்துவ இதழ்களில் அதற்கான பதில் எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நோயாளி படுக்கையில் காத்திருப்பார் என்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

1971ல் மிசூரி-கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் கெர்ட்ரூட் லாம்ப் என்ற நூலகர், மருத்துவர்கள் வார்டு சுற்றும்போது நூலகரும் கூடவே போகும் முறையைத் தொடங்கினார். படுக்கை அருகே எழும் கேள்வியைக் கையோடு எடுத்துப்போய், பதிலோடு திரும்பி வருவது.

இன்னொரு பழைய செய்தியும் இங்கே முக்கியம். 1898ல் அமெரிக்காவில் நான்கு நூலகர்களும் நான்கு மருத்துவர்களும் சேர்ந்து மருத்துவ நூலகர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். தங்களிடம் இரண்டு பிரதி இருக்கும் இதழ்களை இல்லாதவர்களுக்கு அனுப்புவதுதான் அவர்களுடைய முதல் வேலைகளில் ஒன்று. "என்னிடம் இருப்பது உனக்கும்" என்ற இந்தப் பழக்கம் அவர்களிடம் இணையத்துக்கு நூறு வருடம் முன்பே வேரூன்றிவிட்டது. அதனால்தான் இணையம் வந்தபோது அதை இவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பது என் கருத்து.

நூலகர் தேடிக் கொடுப்பதால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா?

மாறும். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பகுதி மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 1992ல் வெளியானது. நூலகத்திலிருந்து தகவல் வாங்கிய 208 மருத்துவர்களில் சுமார் 80 சதவீதம் பேர், அந்தத் தகவலால் நோயாளியைக் கவனிப்பதில் ஏதோ ஒன்றை மாற்றியதாகச் சொன்னார்கள்.

கணினிக்கு முன்னால் எப்படித் தேடினார்கள்?

ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற மருத்துவரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1860ல் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சை பற்றித் தன் மருத்துவப் பட்டத்துக்குக் கட்டுரை எழுதியபோது, முன்னால் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடித் தேடி அலுத்துப்போனவர் அவர். எல்லா நூல்களும் இருக்கும் நூலகமும் இல்லை, எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியலும் இல்லை. பிற்பாடு அமெரிக்க ராணுவத்தின் மருத்துவ நூலகம் அவர் பொறுப்பில் வந்தது. அதைத்தான் அவர் பெரிய நூலகமாக வளர்த்தார், இன்றைய தேசிய மருத்துவ நூலகம் அதுவே. 1879ல் 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற மாதப் பட்டியலையும் கொண்டுவந்தார். எந்த நோயைப் பற்றி எந்த இதழில் என்ன கட்டுரை வந்திருக்கிறது என்று பொருள்வாரியாகச் சொல்லும் பட்டியல் அது.

பத்து வருட விவரம் வேண்டுமானால் பத்து வருடத் தொகுதிகளையும் மேசையில் இறக்கி, ஒவ்வொன்றாகப் புரட்டி, தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். 1964ல் 'மெட்லார்ஸ்' என்ற கணினி அமைப்பு வந்தது. பட்டியலை அச்சுக்கோக்கும் வேலையையும் தேடும் வேலையையும் அது செய்தது. ஆனால் கேள்வியைத் தபாலில் அனுப்பிவிட்டு, பதில் வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆராய்ச்சியாளருக்கு அது பரவாயில்லை. வார்டில் இருக்கும் நோயாளிக்கு என்ன பயன்?

கம்பி வழியாகத் தேடுவது எப்போது ஆரம்பித்தது?

பலர் நினைப்பதைவிட மிகவும் முன்னால். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 1968லேயே சில மருத்துவ நூலகங்களை ஒரு கணினியோடு இணைத்துவிட்டது. 1970ல் தேசிய மருத்துவ நூலகம் டெலிடைப் வலைப்பின்னல் வழியாக, சுமார் 100 இதழ்களை மட்டும் வைத்துச் சோதனை நடத்தியது. அது வெற்றி பெறவே, மெட்லார்ஸ் தொகுப்பைக் கம்பி வழியாக உடனுக்குடன் தேடித் தரும் 'மெட்லைன்' 1971 அக்டோபரில் பிறந்தது.

நூலகத்தில் அப்போது இருந்த கருவியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் 'சைலன்ட் 700' என்ற தட்டச்சுப் பெட்டி. திரை கிடையாது, சூடுபட்டால் கறுக்கும் காகிதச் சுருள்தான். தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி, எதிர்முனையில் கீச்சென்ற சத்தம் கேட்டதும் ரிசீவரை அப்படியே பெட்டியின் பின்னால் உள்ள இரண்டு ரப்பர்க் குழிகளில் வைத்து அழுத்த வேண்டும். பிறகு நொடிக்கு 30 எழுத்து வேகத்தில் பதில் வரும். 1,500 எழுத்துள்ள ஒரு கட்டுரைச் சுருக்கம் வந்து முடிய 50 நொடி. பக்கத்தில் யாராவது பலமாகக் கதவைச் சாத்தினால் அந்தச் சத்தம் குழிக்குள் போய் வரிகள் குழம்பும்.

மருத்துவரே நேரடியாகத் தேடியிருக்கலாமே, நடுவில் நூலகர் எதற்கு?

முதல் காரணம் காசு. இணைப்பில் இருக்கும் நேரத்துக்குக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நூலகர் முதலில் மருத்துவரை உட்காரவைத்துப் பேசுவார். உண்மையில் என்ன வேண்டும், எந்த வயது நோயாளி, எத்தனை வருடத்துக் கட்டுரைகள், மனிதர்களிடம் செய்த ஆய்வு மட்டுமா, விலங்குகளிடம் செய்ததும் வேண்டுமா என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தேடல் வாக்கியம் முழுவதையும் தாளில் எழுதி முடித்த பிறகே தொலைபேசியைத் தொடுவார். இணைத்து, தட்டி, வாங்கி, துண்டிக்க வேண்டும். யோசிப்பதெல்லாம் இணைப்புக்கு வெளியேதான்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊரில் ஒருவர் சர்க்கரை வியாதி என்பார், இன்னொருவர் நீரிழிவு என்பார், சித்த மருத்துவர் மதுமேகம் என்பார், யாழ்ப்பாணத்தில் சலரோகம் என்பார்கள். நான்கும் ஒரே நோய். கணினிக்கு இது தெரியாது. நீங்கள் 'நீரிழிவு' என்று தேடினால் 'சர்க்கரை வியாதி' என்று எழுதிய கட்டுரையை அது காட்டாது. ஆங்கிலத்திலும் இதே சிக்கல் உண்டு. அதற்காகத் தேசிய மருத்துவ நூலகம் 1960ல் 'மெஷ்' என்ற சொற்பட்டியலை வெளியிட்டது. ஒவ்வொரு நோய்க்கும் உறுப்புக்கும் மருந்துக்கும் ஒரே ஒரு அதிகாரப்பூர்வத் தலைப்பு. முதல் பதிப்பில் சுமார் 4,400 தலைப்புகள் இருந்தன. கட்டுரை எழுதியவர் என்ன சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும் சரி, பயிற்சி பெற்ற ஒருவர் அதைப் படித்துப் பார்த்துச் சரியான தலைப்பைப் போட்டுவிடுவார். தலைப்புகள் குடும்ப மரம்போல மேலும் கீழுமாக அடுக்கப்பட்டிருக்கும். இதய நோய் என்ற மரத்தைப் பிடித்தால் அதன் கிளைகள் எல்லாம் கூடவே வரும்.

இந்த மரத்தில் எந்தக் கிளையை எப்போது பிடிக்க வேண்டும் என்பது நூலகரின் கைப்பழக்கம். பெட்டியில் சொல்லைத் தட்டினால் பதில் வந்துவிடும் என்று இன்று நாம் நினைப்பதற்குப் பின்னால், இப்படிக் கட்டுரை கட்டுரையாக உட்கார்ந்து தலைப்புப் போட்டவர்களின் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. அதற்கு அவர்களுக்குக் கிடைத்த பெயரும் புகழும் மிகக் குறைவு.

மருத்துவர்கள் தாங்களே தேடுவதும் மெல்ல வந்தது. பாஸ்டன் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் 1979ல் 'பேப்பர்சேஸ்' என்ற எளிய தேடல் முறையை வைத்தார்கள். 1986ல் தேசிய மருத்துவ நூலகமே 'கிரேட்ஃபுல் மெட்' என்ற மென்பொருளை 29.95 டாலருக்கு விற்றது. ஃப்ளாப்பியைச் சொந்தக் கணினியில் போட்டு, படிவத்தை நிரப்பினால் போதும், மீதியை அதுவே டயல் செய்து பார்த்துக்கொள்ளும். அதைப் பயன்படுத்த மருத்துவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நூலகர்கள்தான். தன் வேலை போய்விடுமோ என்ற பயத்தை ஒதுக்கிவிட்டு, தன் வித்தையைத் தானே எடுத்துக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் இணையமா?

இல்லை. தொலைபேசிக் கம்பியில் ஒரு குறிப்பிட்ட கணினியோடு பேசுவதுதான் இது. ஆனால் 1990களில் இணையம் நூலகத்துக்குள் நுழைந்தபோது, அங்கே இருந்தவர்களுக்குத் தூரத்துக் கணினியோடு பேசி இருபது வருட அனுபவம் இருந்தது. இதைச் சொல்லாமல் மீதிக் கதை புரியாது.

மின்னஞ்சலை எதற்குப் பயன்படுத்தினார்கள்?

கேள்வி கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும். பால்டிமோரில் உள்ள மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் நூலகம் 1984லேயே மின்னஞ்சலில் கேள்வி வாங்கிப் பதில் தரும் சேவையை ஆரம்பித்துவிட்டது. 'இயர்ஸ்' என்று அதற்குப் பெயர், காதுகள் என்று பொருள். மின்னஞ்சல் முகவரியே இல்லாதவர்கள் ஏராளமாக இருந்த காலம் அது.

அடுத்தது 1991ல் பஃபலோ பல்கலைக்கழகத்தின் கணினியில் ஆரம்பித்த 'மெட்லிப்-எல்' என்ற மடற்குழு. இதன் அருமையைப் புரிந்துகொள்ள, சின்ன ஊர் மருத்துவமனை ஒன்றின் நூலகரை நினைத்துப் பாருங்கள். பல மருத்துவமனைகளில் ஒரே ஒரு நூலகர்தான். சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்து மேசை கிடையாது. மடற்குழு வந்ததும் அவர் ஒரு கடிதம் எழுதினால், நாடு முழுவதும் உள்ள நூற்றுக்கணக்கான சக நூலகர்கள் படித்தார்கள். "இந்தக் குறிப்பில் பக்க எண் தப்பாக இருக்கிறது, சரியானது யாருக்காவது தெரியுமா?" "இந்த இதழின் இந்தத் தொகுதி உங்களில் யாரிடமாவது இருக்கிறதா?" இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அன்று மாலைக்குள் பதில் வந்தது. 1898ல் இதழ்களை மாற்றிக்கொண்ட அதே பழக்கம்தான், தபால் வண்டி மட்டும் மாறிவிட்டது.

கட்டுரைகளின் நகலை ஒரு நூலகம் இன்னொரு நூலகத்திடம் கேட்டு வாங்குவதற்கு 1985 முதல் 'டாக்லைன்' என்ற தனி அமைப்பும் இருந்தது. ஒரு நூலகத்தில் இல்லையென்றால் கோரிக்கை தானாக அடுத்த நூலகத்துக்குப் போகும்.

வலைப்பக்கங்கள் வருவதற்கு முன் இணையத்தில் என்னதான் இருந்தது?

டெல்நெட், எஃப்டிபி, கோஃபர். டெல்நெட் மூலம் தூரத்து நூலகத்தின் பட்டியலுக்குள் நுழையலாம், தேசிய மருத்துவ நூலகத்தின் புத்தகப் பட்டியலையும் அப்படிப் பார்க்க முடிந்தது. எஃப்டிபி மூலம் கோப்புகளை எடுக்கலாம்.

கோஃபர் 1991ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவானது. படமே கிடையாது, பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். நூலகர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. எல்லாம் வகை பிரித்து அடுக்கியிருக்கும், அவர்கள் கையாலேயே அடுக்கவும் செய்யலாம். அப்போது பல மருத்துவ நூலகங்கள் தங்களுக்கென்று ஒரு கோஃபரை அமைத்து, புற்றுநோய், எய்ட்ஸ், குழந்தை மருத்துவம் என்று தலைப்புவாரியாக இணைப்புகளைச் சேர்த்தன. இரண்டு மூன்று வருடத்தில் வலை வந்து கோஃபரை ஓரம் கட்டிவிட்டது. ஆனால் அடுக்கும் பழக்கம் அப்படியே வலைக்கு வந்தது.

முதல் மின்னிதழ் அனுபவமும் இந்தக் காலத்தில்தான். 1992 ஜூலையில் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கமும் நூலக நிறுவனமான ஓசிஎல்சியும் சேர்ந்து, அச்சே இல்லாமல் கணினியில் மட்டும் வரும் ஒரு மருத்துவ ஆய்விதழைத் தொடங்கின. அலமாரியில் வைக்க முடியாத இதழை எப்படிப் பாதுகாப்பது என்ற கேள்வியை நூலகர்கள் அப்போதே எதிர்கொண்டார்கள். இன்றுவரை அது தீராத கேள்வி.

வலை வந்ததும் என்ன ஆனது?

தேசிய மருத்துவ நூலகம் 1993லேயே வலைத்தளம் தொடங்கிவிட்டது. அமெரிக்க அரசு அமைப்புகளில் மிகவும் முந்தியவற்றில் அதுவும் ஒன்று. மருத்துவ வரலாற்றுப் படங்களின் தொகுப்பு அதில் ஒரு முக்கிய ஈர்ப்பு. 1994 இறுதியில் 'தெரியும் மனிதன்' என்ற திட்டத்தின் முதல் தொகுப்பையும் அந்த நூலகம் வெளியிட்டது. ஓர் ஆணின் சடலத்தை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 1,871 குறுக்குவெட்டுப் படங்களாக எடுத்தது. மொத்தம் 15 ஜிகாபைட். அன்றைய இணையத்தில் முழுவதையும் இறக்க இரண்டு வாரம் ஆகும் என்று சொன்னார்கள்.

ஆனால் வலையால் பெரிய தலைவலியும் வந்தது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். புற்றுநோயைப் பழச்சாற்றால் குணப்படுத்தலாம் என்று ஒருவர் போட்ட பக்கமும், பெரிய பல்கலைக்கழகத்தின் பக்கமும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். இங்கேதான் நூலகர்கள் களத்தில் இறங்கினார்கள். யார் எழுதியது? அவருக்கு என்ன தகுதி? எப்போது எழுதியது, பிறகு திருத்தினார்களா? யார் பணம் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்விகளை ஒவ்வொரு தளத்திடமும் கேட்டு, தேறியவற்றை மட்டும் பட்டியலிட்டார்கள்.

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிப் பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து 'ஹெல்த்வெப்' என்ற தளத்தைக் கட்டின. ஆளுக்கொரு துறை என்று பிரித்துக்கொண்டார்கள். அயோவா பல்கலைக்கழகத்தின் ஹார்டின் நூலகம் 1996ல் இன்னொரு வழியைப் பிடித்தது. ஒவ்வொரு நோய்க்கும் ஏற்கெனவே நல்ல பட்டியல் போட்டிருப்பவர் யார் என்று பார்த்து, அந்தப் பட்டியல்களுக்கே ஒரு பட்டியல் போட்டது. பிரிட்டனில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1995ல் 'ஓம்னி' வந்தது. அது ஒவ்வொரு தளத்தையும் ஒரு புத்தகத்தைப்போல நடத்தியது. படித்துப் பார்த்து, மதிப்பிட்டு, சிறு குறிப்பு எழுதி, மெஷ் தலைப்பும் போட்டது.

கையால் செய்த இந்த வேலை, லட்சக்கணக்கான பக்கங்கள் பெருகியபோது ஈடுகொடுக்க முடியவில்லை என்பது உண்மைதான். ஓம்னி வேறு பெயர்களில் தொடர்ந்து, கடைசியில் 'இன்ட்யூட்' என்ற தளத்தோடு சேர்ந்து 2011ல் நின்றுபோனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. படித்துப் பார்த்தவர் ஒருவர் "இது நல்லது" என்று சொல்வதற்கும், அதிகம் பேர் பார்த்த பக்கம் முதலில் வருவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

பப்மெட் எப்போது இலவசமானது?

1997 ஜூன் 26. அன்றைய துணை அதிபர் அல் கோர் வாஷிங்டனில் எல்லார் முன்னிலையிலும், மெட்லைனை வலையில் தேடும் தளமான பப்மெட்டில் தேடிக் காட்டித் தொடங்கிவைத்தார். அதற்கு முன்பு மெட்லைனில் தேட கணக்கு வேண்டும், கடவுச்சொல் வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். அன்றிலிருந்து சுமார் 90 லட்சம் கட்டுரைக் குறிப்புகள் உலகில் யாருக்கும் இலவசம். அப்போது தேசிய மருத்துவ நூலகத்தின் இயக்குநராக இருந்தவர் டொனால்ட் லிண்ட்பெர்க். 1984 முதல் 2015 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தேடியவர்களில் மூன்றில் ஒரு பங்கு போல மருத்துவர்களோ ஆராய்ச்சியாளர்களோ இல்லை, சாதாரண மக்கள். அம்மாவுக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ள வந்த மகள், குழந்தையின் சோதனை முடிவைப் புரிந்துகொள்ள வந்த அப்பா. ஆராய்ச்சிக் கட்டுரை அவர்களுக்குக் கடினம். அவர்களுக்காகவே எளிய மொழியில் 1998 அக்டோபரில் 'மெட்லைன்பிளஸ்' தொடங்கப்பட்டது.

இணைய வசதியே இல்லாத நாடுகளில் என்ன செய்தார்கள்?

ஆப்பிரிக்காவில் நடந்தது கேட்கவே நன்றாக இருக்கும். 'சாட்டலைஃப்' என்ற தொண்டு நிறுவனம் 'ஹெல்த்நெட்' என்ற வலைப்பின்னலை உருவாக்கியது. சிறிய செயற்கைக்கோள் ஒன்று துருவம் வழியாகப் பூமியைச் சுற்றும். ஒரு நாளில் சில முறை மட்டும் ஒரு நாட்டின் மேலே கடந்து போகும். அந்தச் சில நிமிடத்தில் தரைநிலையம் தன்னிடம் சேர்ந்த கடிதங்களை மேலே அனுப்பி, வந்த கடிதங்களை வாங்கிக்கொள்ளும். வானத்தில் ஓடும் தபால்காரர் என்றே சொல்லலாம். சாம்பியா இதில் முதலில் சேர்ந்த நாடுகளில் ஒன்று, அங்கே பல்கலைக்கழக மருத்துவ நூலகத்துக்கும் இதில் பங்கு உண்டு. இதழ் வாங்கக் காசில்லாத நூலகத்துக்குக் கட்டுரைச் சுருக்கங்கள் வானத்திலிருந்து வந்து சேர்ந்தன.

இந்தியாவில் 1986ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து டெல்லியில் ஒரு மையத்தைத் தொடங்கின. மெட்லைன் தேடல் அதன் வழியாகக் கிடைத்தது. நம் நாட்டு மருத்துவ இதழ்களைத் தேட 'இண்ட்மெட்' என்ற தொகுப்பையும் அந்த மையமே பிற்பாடு உருவாக்கியது. வெளிநாட்டுப் பட்டியல்களில் இடம்பெறாத இந்திய இதழ்கள் நிறைய உண்டு என்பதால் இது மிகவும் தேவையான வேலை.

2002ல் உலக சுகாதார நிறுவனமும் பெரிய பதிப்பகங்களும் சேர்ந்து 'ஹினாரி' திட்டத்தை ஆரம்பித்தன. ஏழை நாடுகளின் நிறுவனங்களுக்கு முழு இதழ்களே இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கிடைத்தன.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, பழைய அச்சுப் பட்டியல்களைத் தூக்கிப் போடலாமா?

இதற்கு 2001ல் நடந்த ஒரு துயரத்தைச் சொல்ல வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வு. 24 வயதுப் பெண் ஒருவர், எந்த நோயும் இல்லாதவர், தன்னார்வமாக அதில் கலந்துகொண்டு ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்தார். நுரையீரல் பழுதாகி ஜூன் மாதம் இறந்துபோனார்.

ஆய்வு தொடங்குமுன் அந்த மருந்தின் ஆபத்துகளைத் தேடத்தான் செய்தார்கள், பப்மெட்டில். ஆனால் அன்றைய பப்மெட்டில் 1966க்கு முந்தைய கட்டுரைகள் இல்லை. அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை 1950களின் கட்டுரைகளில் இருந்தது. அந்த வருடங்களைச் சேர்ந்த அச்சுப் பட்டியல்கள் நூலக அலமாரியில் இருந்தன. செய்தி வெளியானதும் மருத்துவ நூலகர்கள் அந்தப் பழைய கட்டுரைகளைத் தேடி எடுத்துக் காட்டினார்கள். அவர்களுடைய கோபத்தையும் வேதனையையும் என்னால் உணர முடிகிறது. கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

பிற்பாடு பழைய தொகுதிகளில் உள்ள குறிப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலை வேகம் பிடித்தது. இப்போது பப்மெட்டில் 1940களின் நடுப்பகுதி வரை பின்னால் போய்த் தேடலாம். அதற்கும் முந்தைய காலத்துக்கு, பில்லிங்ஸ் தொடங்கிய அந்தத் தடித்த தொகுதிகளைத்தான் திறக்க வேண்டும். எந்தத் தொகுதியில் பார்க்க வேண்டும் என்று நூலகரிடம் கேளுங்கள்.